ஒன்பது இரவு, மூன்று ஊர்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதல் தடவையாக ஐரோப்பா போகிறவர்கள் எப்படித் திட்டம் போட வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஒரே காரணத்துக்காக, தெரிந்த வீட்டில் யார் வெளிநாடு கிளம்பினாலும் ஒரு பேப்பரோடு என்னிடம் வந்துவிடுகிறார்கள். எல்லாப் பேப்பரும் ஒரே சாயல்தான். லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், புளோரன்ஸ், ரோம். மேலே "பத்து நாள்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் "முடிந்தால் பிராக்".

இந்த ஊர்ப்பட்டியல் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் "கிராண்ட் டூர்" என்று ஒரு சுற்றுப் போவார்கள். பாரிஸில் கொஞ்சம் பிரெஞ்சும் நடனமும் பழகிக்கொண்டு, ஆல்ப்ஸைத் தாண்டி, புளோரன்ஸ், வெனிஸ், ரோம் என்று போய்ச் சேருவார்கள். கூடவே ஒரு வாத்தியார், இரண்டு வேலைக்காரர்கள். சுற்றி முடிக்கப் பல மாதம் ஆகும். இரண்டு மூன்று வருஷம் கழித்து வீடு திரும்பியவர்களும் உண்டு.

பிறகு ரயில் வந்தது. 1841இல் மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ரயிலைப் பேசி ஆட்களை ஏற்றிப்போன தாமஸ் குக், 1855இல் அதே வேலையைக் கடல் தாண்டிச் செய்தார். 1873இல் அவருடைய நிறுவனம் ஐரோப்பா முழுமைக்கும் ஒரு ரயில் கால அட்டவணை போட ஆரம்பித்தது. 2013இல் நிறுவனம் அதைக் கைவிட்டபோது, அதைத் தயாரித்தவர்களே அடுத்த வருஷம் தனியாக எடுத்து நடத்தினார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது கையில் கிடைத்தால் சாப்பாடு மறந்துபோகும். சுற்றும் வேகம் கூடிக்கூடி, 1969இல் அதைப் பற்றி ஒரு ஹாலிவுட் படமே வந்தது. பதினெட்டு நாளில் ஒன்பது நாடு சுற்றும் பஸ் கூட்டத்தைப் பற்றிய கிண்டல் படம். "இன்று செவ்வாய்க்கிழமை என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்க வேண்டும்" என்பது படத்தின் பெயர்.

ஆக, ஊர்ப்பட்டியல் மாதக்கணக்கில் நேரம் வைத்திருந்தவர்களுடையது. லீவு மட்டும்தான் நம்முடையது. நம் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகத் துண்டுப் படங்களைத் தேடி 1930களின் பிற்பகுதியில் கண்டம் கண்டமாக அலைந்தார். திங்கட்கிழமை காலை டியூட்டியில் சேர வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை.

எனவே என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் எத்தனை இரவு என்று கேட்பேன். பத்து நாள் என்று சொல்கிறவர்கள் கிளம்பும் நாளையும் வந்து இறங்கும் நாளையும் சேர்த்துக்கொண்டு சொல்கிறார்கள். அவர்களுக்கு அங்கே எட்டு இரவுதான் கிடைக்கும். அதிலும் முதல் நாள் சாயங்காலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஏழு மணி என்றால் உங்கள் உடம்புக்கு இரவு பத்தரை. ராத்திரி விமானத்தில் வந்து இறங்கியவரை அந்த நேரத்தில் ஐஃபல் கோபுரத்துக்குக் கூட்டிப்போனால் படத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பார்.

அடுத்து, ஊர் மாறுவதற்கு ஆகும் நேரம். இதில்தான் எல்லோருடைய கணக்கும் இடறுகிறது. உதாரணத்துக்கு புளோரன்ஸிலிருந்து வெனிஸை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பார்த்தால் வேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம். அப்படியானால் காலையில் கிளம்பிப் போய் மதியமே படகில் சுற்றலாமே என்று தோன்றும்.

உண்மையில் நடப்பது இது. காலை ஒன்பதரைக்கு அறையைக் காலி செய்து கணக்கு முடிக்கிறீர்கள். சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனுக்குக் கல் பாவிய தெருவில் பெட்டியை உருட்டிக்கொண்டு போக இருபது நிமிஷம். எந்தப் பிளாட்பாரம் என்று பலகையில் கடைசி நேரத்தில்தான் போடுவார்கள். அதற்காகக் கால் மணி நேரம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். பத்தரை வண்டியைப் பிடித்தால் பன்னிரண்டே முக்காலுக்கு வெனிஸ். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வெனிஸ் என்ற பெயரில் இரண்டு ஸ்டேஷன். மெஸ்ட்ரே என்பது கரையில் இருக்கிறது. தண்ணீருக்கு நடுவே இருக்கும் ஊருக்குப் போக அடுத்த ஸ்டேஷனான சாந்தா லூசியாவில் இறங்க வேண்டும். சரியாக இறங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டேஷன் வாசல் படியில் நின்றால் எதிரே பெரிய கால்வாய். பார்த்தவுடன் பெட்டி, பசி எல்லாம் மறந்துபோகும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே பஸ், ஆட்டோ எதுவும் கிடையாது. வாப்பொரெத்தோ என்ற படகுதான். ஒரு டிக்கெட் ஒன்பதரை யூரோ, எழுபத்தைந்து நிமிஷம் செல்லும். சான் மார்க்கோ வரை எல்லாத் துறையிலும் நின்று நின்று போக முக்கால் மணி நேரம். இறங்கினால் ஓட்டல் வரைக்கும் சின்னச் சின்னப் பாலங்கள், பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. ஊரில் அப்படி நானூறுக்கு மேல் பாலம் இருக்கிறது. சக்கரம் வைத்த பெட்டியைத் தலைச்சுமையாகத் தூக்க வேண்டிய ஊர் உலகத்தில் இது ஒன்றுதானோ என்னவோ! ஓட்டலுக்கு வந்து சேரும்போது மணி இரண்டு. அறை மூன்று மணிக்குத்தான் தருவார்கள்.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தது மூன்று மணிக்கு முடிந்தால் புண்ணியம். இத்தனைக்கும் ரயில் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை. விமானம் என்றால் இன்னும் மோசம். பாரிஸிலிருந்து ரோமுக்கு வானத்தில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் விமான நிலையம் போக ஒரு மணி, அங்கே காத்திருக்க இரண்டு மணி, அந்தப் பக்கம் ஊருக்குள் வர ஒரு மணி. மலிவு டிக்கெட் என்று வாங்கி போவே விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால், பெயர்தான் பாரிஸ் போவே, அது பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல்.

எனவே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற அரை நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். எட்டு ஊர் என்றால் ஏழு மாற்றம். மூன்றரை நாள் பெட்டியோடு போகிறது. பத்து நாளில் மூன்றரை நாள் பெட்டி தூக்குவதற்காக லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறோம்.

எங்கள் ரயில்வே அட்டவணையைக் கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எக்ஸ்பிரஸ் வண்டிக்குக் கடைசி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் மட்டும் தாராளமாக நேரம் கொடுத்திருப்போம். அதற்கு ரெக்கவரி டைம் என்று பெயர். வழியில் எங்கே தாமதமானாலும் அதில் விழுங்கிக்கொள்ளலாம். உங்கள் பயணத்துக்கும் அது வேண்டும். ஐரோப்பாவில் ரயில் எல்லாம் கடிகாரம்போல ஓடும் என்பது பாதி உண்மைதான். சுவிஸ் ரயிலுக்கு அது பொருந்தும். ஜெர்மனியில் 2024ஆம் வருஷம் நெடுந்தூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தாமதமாகத்தான் வந்தன. ஆறு நிமிஷம் வரை தாமதத்தை அவர்கள் தாமதமென்று சேர்ப்பதே இல்லை, அப்படியும்! இத்தாலியில் வேலைநிறுத்தம் சகஜம். ஆனால் முன்கூட்டியே தேதி அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வேலை நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரையிலும் மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலும் உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு, விமானம் கிளம்பும் ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அன்று காலையில் இன்னொரு ஊரிலிருந்து ரயிலில் வந்து விமானம் பிடிக்கும் திட்டத்தோடு யார் வந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

போன வழியே திரும்பி வருவதும் ஒரு வீண் செலவு. பாரிஸில் இறங்கி, ரோம் வரை போய், திரும்பிப் பாரிஸுக்கே வந்து விமானம் ஏறுகிறார்கள். பாரிஸுக்குப் போய் ரோமிலிருந்து திரும்பும் டிக்கெட்டை ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். விமானக் கம்பெனி வலைத்தளத்தில் "மல்டி சிட்டி" என்று ஒரு பொத்தான் இருக்கும். பெரும்பாலும் போக வர டிக்கெட்டின் விலைக்கு அருகிலேயே வரும். கொஞ்சம் கூடினாலும் ஒரு நாள் மிச்சம்.

இப்போது விசா. லக்ஸம்பர்க்கில், பிரான்சும் ஜெர்மனியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று ஒரு கிராமம். 1985 ஜூன் 14 அன்று அந்த ஆற்றில் நின்ற படகில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. இன்று 29 நாடுகளுக்கு ஒரே விசா. பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பதினைந்து நாள் என்பது சட்டத்தில். நம் ஊரில் ஏப்ரல், மே விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு விசா மையத்தில் நேரம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. பொங்கலுக்கு முன்பே திட்டம் முடிந்திருக்க வேண்டும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? முதலில் இறங்கும் நாட்டுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு. ஆகவே எந்த ஊரில் எத்தனை இரவு என்று முடிவு செய்யாமல் விசா வேலையைத் தொடங்கவே முடியாது.

லண்டனை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். சொன்னால் வருத்தப்படுகிறார்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தனி விசா, தனிக் கட்டணம், இரண்டாவது தடவை விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லண்டனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டாரில் இரண்டேகால் மணி நேரம்தான் என்பது உண்மை. ஆனால் குடியேற்றச் சோதனைக்காக முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். லண்டன் தனியாக ஒரு வாரம் கேட்கும் ஊர்.

ஊரும் இரவும் முடிவானால், அடுத்து கிழமை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடல். அதே ஊரில் ஓர்சே திங்கட்கிழமை மூடல். வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடல். புளோரன்ஸில் உஃபிட்சி திங்கட்கிழமை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை, மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறந்து இலவசமாக விடுவார்கள், அன்றைய வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும். லூவர் புதன், வெள்ளி இரவு ஒன்பது மணி வரை. 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவர் கட்டணம் 32 யூரோ, ஆகவே சும்மா எட்டிப் பார்க்கும் இடமாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். மிலானில் லியனார்டோவின் "கடைசி இராவுணவு" ஓவியத்தின் முன்னால் ஒரு சிறு கூட்டத்தைக் கால் மணி நேரம் மட்டும் நிற்க விடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் தள்ளி வரும் வாரத்துக்கான டிக்கெட்டைத் திறந்துவிடுவார்கள், நம் தட்கல் போலத்தான் பாய வேண்டும்.

இதையெல்லாம் வைத்து ஒரு அட்டவணை சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். வெள்ளி வேலை முடித்து, சனி அதிகாலையில் சென்னையிலிருந்து விமானம். சனி மாலை பாரிஸ். அங்கே நான்கு இரவு. ஞாயிறு முழுக்க நடை: சேன் நதிக்கரை, 2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர தாம், மோன்மார்த்ர் மேடு. திங்கள் லூவர், ஏனென்றால் ஓர்சே அன்று மூடல். செவ்வாய் ஓர்சே, ஏனென்றால் லூவர் மூடல். புதன் விமானத்தில் புளோரன்ஸ், இரண்டு இரவு. வியாழன் உஃபிட்சி, மாலையில் ஆர்னோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்றில் ஏறி ஊரைப் பார்ப்பது. வெள்ளி காலை ஒன்றரை மணி நேர ரயிலில் ரோம், மூன்று இரவு. சனி வத்திக்கான், ஞாயிறு கொலோசியமும் ஃபோரமும். திங்கள் அங்கிருந்தே விமானம், செவ்வாய் சென்னை. அலுவலகத்தில் ஏழு நாள் லீவு போதும். பிரான்சில் நான்கு இரவு, இத்தாலியில் ஐந்து. எனவே இறங்குவது பாரிஸில் என்றாலும் விசா விண்ணப்பம் இத்தாலிக்கு.

வெனிஸ் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. வெனிஸைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வருவதைவிட அங்கே ஓர் இரவாவது தங்க வேண்டும். பகல் கூட்டம் தாங்காமல் 2024 முதல் சில குறிப்பிட்ட நாட்களில், தங்காமல் வந்து போகிறவர்களிடம் அந்த ஊரே நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. வெனிஸ்தான் வேண்டும் என்றால் புளோரன்ஸை எடுத்துவிட்டு அதை வையுங்கள். இரண்டையும் வைக்காதீர்கள்.

சுவிட்சர்லாந்து இல்லாத ஐரோப்பா ஐரோப்பாவா என்று அடுத்த கேள்வி வரும். சினிமா டூயட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கேட்காமல் இருக்க முடியாது. என் பதில், சுவிஸ் வேண்டுமானால் பாரிஸை விடுங்கள். அங்கே நான்கு இரவு வேண்டும். காரணம் மேகம். யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912இல் மலைக்குள் குடைந்து போட்ட ரயிலில் ஏறிப் போகிறீர்கள். டிக்கெட் விலை மயக்கம் வரவைக்கும். மேலே போனால் வெள்ளைத் திரை போட்டது மாதிரி ஒன்றும் தெரியாமல் போகக்கூடும். இந்தத் தேதியில்தான் மலை ஏற வேண்டும் என்று இல்லாமல், இரண்டு மூன்று நாளில் எது தெளிவாக இருக்கிறதோ அன்று ஏறுகிறவருக்குத்தான் ஆல்ப்ஸ் கிடைக்கும். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவருக்குச் சீட்டுக்குலுக்கல்தான்.

ரயில்காரனாக நான் அங்கே மலையைவிட அட்டவணையை அதிகம் ரசித்தேன். 1982இலிருந்து நாடு முழுக்க மணிக்கு ஒரு தடவை, அதே நிமிஷத்தில் வண்டி. பெரிய ஸ்டேஷன்களில் எல்லாத் திசை வண்டிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து நின்று, ஆட்கள் மாறி ஏறியதும் கலையும். ஆறு நிமிஷ கனெக்ஷனை அங்கே தைரியமாக நம்பலாம். சூரிச்சிலிருந்து 57 கிலோமீட்டர் கோத்தார்டு சுரங்கம் வழியாக மூன்றரை மணி நேரத்துக்குள் மிலான். அங்கிருந்து புளோரன்ஸ், ரோம். அதுவும் அழகான ஒரு திட்டம்.

குழுச் சுற்றுலாவை நான் கிண்டல் செய்ய மாட்டேன். வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு, ராத்திரி சோறும் ரசமும் வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஓட்டல் எந்த ஊரில் என்று கேளுங்கள். "பாரிஸ்" என்று போட்டு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்திருப்பார்கள். எந்த இடத்துக்கு உள்ளே நுழைவுச் சீட்டு உண்டு, எதை பஸ்ஸிலிருந்தே காட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். பாரிஸில் யூரோஸ்டார் வந்து நிற்கும் காரே து நோர் ஸ்டேஷனிலிருந்து லா ஷப்பல் பக்கம் நடந்தால் தெருவெல்லாம் ஈழத்தமிழர் கடைகள், தமிழ்ப் பலகைகள், இட்லி தோசை. பிள்ளையார் கோயிலும் உண்டு, ஆகஸ்ட் கடைசியில் தேர் ஓடும். பிரான்சில் மதியச் சாப்பாடு இரண்டரைக்கு மேல் பெரும்பாலான கடைகளில் கிடையாது, ஏழு மணிக்குத்தான் மறுபடி அடுப்பு. ரோமில் தெருக்குழாயில் கொட்டும் தண்ணீர் நல்ல குடிதண்ணீர், ஒரு பாட்டில் கையில் இருந்தால் போதும். கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். மெட்ரோவில் பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி நேரத்துக்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அது வழங்கப்பட்டுப் பத்து வருஷம் ஆகியிருக்கக் கூடாது. ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் முதலில் அதைப் புதுப்பியுங்கள், விசாவுக்கு நாள் குறிப்பது அதற்குப் பிறகு.